பிஸ்கட் மேலிருந்த எள்

குமுதாவின் அம்மா வடிவம்மாளுக்குத் தன்னைப் பெற்ற தகப்பன் மேல் இருந்த கோபம் அவளோடு சேர்ந்தே பிறந்து, அவளோடு சேர்ந்தே வளர்ந்தது. எண்பதைத் தாண்டிய பிறகும் அதற்கு ஒரு பல்கூட ஆடவில்லை. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முழங்கால் வலி என்று உடம்பு அவளைப் பாடாய்ப் படுத்தியது. கோபத்துக்கு மட்டும் ஒரு நோயும் வந்ததில்லை.

விஷயம் இதுதான். ஜப்பான்காரன் காலத்தில், நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் பிச்சைமுத்து. வடிவம்மாள் பச்சைப்பிள்ளையாக இருந்தபோது அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஏகப்பட்ட பேர் அந்தக் காட்டிலேயே காய்ச்சலிலும் பேதியிலும் மடிந்தார்கள். சண்டை முடிந்த பிறகு, எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்த ஒருவன் தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டு வாசலில் நின்று, "பிச்சைமுத்துவா? அவன் நல்லாத்தான் இருக்கான். ஒரு சயாங்காரியோட குடும்பம் நடத்துறான். இனிமே வரமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றோடு அந்த வீட்டில் பிச்சைமுத்து என்ற பெயர் செத்தது. ஆள் சாகவில்லை.

அதுதான் வினையாகிப் போனது. புருஷன் உயிரோடிருக்கும்போது தாலியைக் கழற்ற முடியுமா? வடிவம்மாளைப் பெற்றவள் மஞ்சள் குங்குமத்தோடு கூலி வேலை செய்து, மஞ்சள் குங்குமத்தோடே கட்டையேறினாள். 'சுமங்கலியாப் போயிட்டா, குடுத்து வச்சவ' என்று வந்தவர்களெல்லாம் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அந்த மனுஷன் கட்டியவளுக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

அம்மா அவரை ஒருநாளும் அப்பா என்று சொன்னதில்லை. 'அந்த ஆளு' என்பாள். ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் குமுதாவின் தம்பி மோகனராஜ் காலஞ்சென்ற தகப்பனாருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது, ஐயர் வழக்கம்போல, "தாயார் வழிப் பாட்டனார் பேரு சொல்லுங்கோ" என்பார். பின்னாலிருந்து அம்மாவின் குரல் பாயும்.

"அவருக்கு வேணாங்க ஐயரே. அந்த ஆளு இருக்காரு."

ஐயர் ஒருமுறை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். எண்பது வயதுக்காரியின் தகப்பன் இருக்கிறான் என்றால் அவனுக்கு என்ன வயதிருக்கும் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. அம்மாவின் கணக்கு வேறு. அவள் மனதில் அந்த ஆள் இன்னும் இளவட்டமாகவே சயாமில் ஒரு வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். உயிரோடு இருக்கிறவனுக்கு எள் இறைப்பது மகாபாவம். அதனால் வருஷா வருஷம் அவர் பங்கு எள்ளு மட்டும் தட்டிலேயே மிஞ்சிப்போனது.

அடையாள அட்டையை மட்டும் அம்மாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 'வடிவம்மாள் அனாக் பெரம்புவான் பிச்சைமுத்து' என்று அதில் அச்சடித்திருந்தது. பிச்சைமுத்துவின் மகள். கிளினிக்கில் தாதி அதை முழுசாக வாசித்துக் கூப்பிடும்போதெல்லாம், "வடிவம்மா, வடிவம்மா போதும்" என்று முணுமுணுத்தபடியே எழுந்து போவாள்.

இப்படிப்பட்டவளுக்கு, சிங்கப்பூரில் வேலை செய்யும் பேத்தி, குமுதாவின் மகள் அதிரா, பிறந்தநாள் பரிசாக இணையத்தில் ஒரு சுற்றுலா வாங்கி அனுப்பினாள். காலையில் போர்க்காலக் கோட்டை, மாலையில் கிரியான் ஆற்றில் படகுப் பயணம். குமுதா போன வருஷம்தான் ஃபேக்டரித் தோழிகளோடு அதே சுற்றுலாவுக்குப் போய் வந்திருந்தாள். மகளுக்கு அது நினைவில்லை போலும். குமுதா அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கோட்டை கெடக்குது. ஆத்துல போட்டு போகுதில்ல, அது எங்க ஊர் ஆறுடி. வரேன்" என்றாள் அம்மா.

ஜார்ஜ் டவுனிலிருந்து கிளம்பிய வேன், பாயான் பாருவில் இவர்கள் அடுக்குமாடிக்குக் கீழே வந்து நின்றது. உள்ளே வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று, ஈப்போவிலிருந்து வந்த சீனக் குடும்பம் ஒன்று. வழிகாட்டி குகன் கதவைத் திறந்துவிட்டான். நாற்பது வயதிருக்கும். தொப்பியும் சிரிப்பும் கழுத்தில் ஒலிவாங்கியுமாக, ஊர்த் திருவிழாவை ஒற்றை ஆளாய் நடத்துகிறவன் மாதிரி இருந்தான். போன வருஷமும் இவன்தான். குமுதாவை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. வாரா வாரம் எத்தனை முகம் பார்க்கிறவன், பாவம்.

பத்து மாவுங் குன்றின் மேலிருந்த கோட்டை வாசலில் பதிவு செய்யும் பெண், அம்மாவின் அட்டையை வாங்கிக் கணீரென்று வாசித்தாள். "வடிவம்மாள் அனாக் பெரம்புவான்..."

"வடிவம்மா போதும்மா" என்றாள் அம்மா.

வெள்ளைக்காரன் கட்டி ஜப்பான்காரன் பிடித்துக்கொண்ட கோட்டை அது. சுரங்கப் பாதைகள், பீரங்கி வைத்த மேடைகள், பாசி படிந்த சுவர்கள். அம்மா முழங்காலைக் காரணம் காட்டி ஒரு மரத்தடியில் குடையோடு உட்கார்ந்துவிட்டாள். குமுதா மட்டும் கூட்டத்தோடு நடந்தாள். குகன் ஒரு சுவரைத் தடவிக் காட்டி, இங்கே ஒரு கைதியைத் தூக்கில் போட்டார்கள் என்று குரலைத் தாழ்த்தினான். குமுதா நிமிர்ந்து பார்த்தாள். போன வருஷம் அதே சுவரில் அதே கைதியைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள்.

அவளுக்கு எரிச்சல் வந்தது. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவள் அவள். மயிரிழைக் கீறல் இருந்தாலும் மின்சுற்றுப் பலகையைத் தூக்கித் தனியே வைத்துவிடுவாள். இவனை ஒரு வாரம் அவள் கையில் கொடுத்திருந்தால் ஒரு கதைகூடத் தேறி வெளியே போயிருக்காது. ஆனாலும் கைதி என்னவோ செத்திருப்பார், எப்படிச் செத்தால் என்ன என்று விட்டுவிட்டாள்.

தீவிலிருந்து இரண்டாவது கடல்பாலத்தைத் தாண்டி, அக்கரையில் பத்து காவானில் சாப்பிட்டு முடித்து வேனில் ஏறியதும், குகன் ஆளுக்கொரு பொட்டலம் ஹியோங் பியா கொடுத்தான். மேலே எள் ஒட்டிய சீன பிஸ்கட் அது. உள்ளே சர்க்கரைப் பாகு இருக்கும். அம்மா ஆசையாய்ப் பிரிக்கப் போனாள். குமுதா பிடுங்கிப் பையில் போட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுடி."

"ஒண்ணும் கெடையாது. போன மாசம் டாக்டர் என்ன சொன்னாரு?"

"பொறந்தநாளுக்குக் கூட்டிட்டு வந்து பட்டினி போடுற ஒரே மக நீதான்லா" என்று அம்மா வேன் முழுக்கக் கேட்கச் சொன்னாள். தமிழ் புரியாத சீனப் பாட்டிகூடச் சிரித்தாள். அன்று அம்மா நல்ல மனநிலையில்தான் இருந்தாள்.

படகில் ஏறியதும் அவள் முகமே மாறியது. முன் பலகையில், கூரை நிழலில் உட்கார்ந்து இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தாள். பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள் வேரைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நின்றன. மேலே பருந்துகள் சுற்றின. "சின்னப் பிள்ளையில எங்க ஆத்தா என்னைய இங்கதான் நண்டு பிடிக்கக் கூட்டிட்டு வரும். அப்ப இம்புட்டு அகலமில்ல" என்றாள். அகலம் அப்படியேதான் இருந்திருக்கும். ஆனாலும் குமுதா ஆமாம் என்றாள்.

ஆறு வளைகிற இடத்தில், எல்லாரும் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிட்ட மலாய்ப் படகோட்டி வேகத்தைக் குறைத்தார். குகன் ஒலிவாங்கியை எடுத்தான். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் சொல்லி முடித்துவிட்டு, இவர்கள் பக்கம் வந்து குந்தினான். மற்றவர்களுக்குச் சொன்ன கதையைத் தமிழர்களுக்குத் தமிழிலேயே சொல்வதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

"அம்மா, இந்த வளைவப் பாருங்க. ஜப்பான்காரன் காலத்துல தோட்டத்து ஆம்பளைங்கள சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க இல்லையா? ஒரு கூட்டத்தத் தொங்காங்குல, அந்தக் காலத்துச் சரக்குப் படகுல ஏத்தி இந்த ஆத்து வழியாத்தான் கொண்டு போனாங்க. அதுல ஒருத்தரு பால்மரம் வெட்டுறவரு. வீட்டுல பச்சைப்பிள்ள. பொம்பளப்பிள்ள. இந்த வளைவு வந்ததும் மனுஷனுக்கு மனசு கேக்கல. தண்ணியில குதிச்சிட்டாரு. பிள்ள மொகத்த இன்னொரு தடவ பாத்துடணும்னு கரைக்கு நீந்தியிருக்காரு. பின்னாலேருந்து சுட்டுட்டான். அதோ அந்த வேர் கிட்டக்க வந்துட்டாராம். தொட முடியல. அவரு பேருகூட யாருக்கும் தெரியாதும்மா."

குமுதாவுக்குச் சிரிப்பு வரவேண்டியதுதான். போன வருஷம் இதே வளைவில் குதித்தவர் ஒரு சீனப் பள்ளி வாத்தியார். அவருக்கு இருந்தது ஆண்பிள்ளை. அன்று படகு நிறையச் சீனத் தோழிகள் இருந்தார்கள், மூக்கைச் சிந்தினார்கள். நிபோங் திபாலில் ரயில் நிலையம் இருக்கும்போது ஜப்பான்காரன் எதற்கு ஆட்களைத் தொங்காங்கில் ஏற்றி ஆறு சுற்றிக் காட்டப் போகிறான் என்று அப்போதே அவளுக்குத் தோன்றியது.

சிரிப்பதற்குள் அம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியில் எலும்பு வலித்தது.

"எந்தத் தோட்டம் தம்பி?"

"இதோ, இந்தப் பக்கந்தாம்மா" என்று குகன் கரையின் பக்கம் பொதுவாகக் கையை வீசினான்.

"பொம்பளப்பிள்ளையா?"

"ஆமாம்மா. கைக்குழந்தை. ஒரே பிள்ள."

ஒரே பிள்ளை என்பதை அவன் அப்போதுதான் சேர்த்தான். நன்றாகக் கேட்கிற ஆள் கிடைத்துவிட்டால் கதை சொல்கிறவனுக்குக் கை நிற்காது. சொல்லிவிட்டு, சீனக் குடும்பம் படம் எடுக்கக் கூப்பிட்டதால் எழுந்து போனான்.

அம்மா அந்த வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குமுதா. அப்ப அவரு சயாமுக்கே போகலடி."

"அம்மா..."

"அன்னிக்கு லயத்துல வந்து சொன்ன அந்தப் பய பொய் சொல்லியிருக்கான். சயாங்காரியும் இல்ல, ஒருத்தியும் இல்ல. இங்கனயே குதிச்சிருக்காரு. என்னையப் பாக்க வந்திருக்காருடி. எங்கப்பா என்னையப் பாக்க வந்திருக்காரு."

அப்பா என்ற சொல்லை அம்மாவின் வாயிலிருந்து குமுதா கேட்டது அதுதான் முதல் தடவை. அதைச் சொல்லிப் பழகாத வாய் கோணியது. பிறகு அவள் அழுதாள். சத்தம் இல்லை. தோள் இரண்டும் குலுங்கின. புருஷன் செத்தபோதுகூட இப்படி அழாதவள். குமுதா அவள் முதுகைத் தடவினாள், தண்ணீர் கொடுத்தாள், பிறகு எழுந்து படகின் பின்பக்கம் குகன் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனாள்.

எஞ்சின் சத்தத்தில் அங்கே பேசுவது முன்னால் கேட்காது.

"தம்பி, போன வருஷம் நான் உங்க டூருக்கு வந்தேன்."

"அப்படியாக்கா? ரொம்ப சந்தோஷம்லா!"

"அப்ப குதிச்சவரு சீன வாத்தியாரு."

குகனின் சிரிப்பு போகிற இடம் தெரியாமல் முகத்திலேயே நின்றது.

"அக்கா, அது வந்து... போட்ல யாரு இருக்காங்களோ அதுக்கேத்த மாதிரி சொன்னாத்தான் மனசுல நிக்கும். மலாய்க்காரங்க வந்தா கம்போங் ஆளு, அவங்க கிராமத்து ஆளுன்னு சொல்லுவேன். வெறும்ன எத்தன ஆயிரம் பேரு செத்தாங்கன்னு சொன்னா யாரும் காது குடுக்க மாட்டாங்க, போன எடுத்துப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. செத்தவங்க நெசந்தானக்கா? நான் ஒரு ஆள மட்டும்..."

"எங்க அம்மாவோட அப்பாவ இந்தப் பக்கத்துத் தோட்டத்துலேருந்துதான் சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க. அப்ப அது கைக்குழந்தை. ஒரே பிள்ள. அங்க உக்காந்து அழுவுது பாருங்க."

குகன் திரும்பிப் பார்த்தான். 

"அலாமாக்... அக்கா, நான் போயி சொல்லிடறேன். சும்மா சொன்ன கதைன்னு சொல்லி கால்ல விழுந்துடறேன்."

அவன் எழுந்தான். குமுதா அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். ஏன் இழுத்தாள் என்று அந்தக் கணம் அவளுக்கே தெரியவில்லை. காலமெல்லாம் கீறலைக் கண்டால் தூக்கி வீசியவள்தான். ஆனால் இவன் வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன அடுத்த நொடி, கரைக்கு நீந்திக்கொண்டிருக்கும் அந்த மனிதர் திரும்பவும் சயாமில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். அம்மா இனி எத்தனை காலம் இருக்கப் போகிறாள்?

இன்னொன்றும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. லயத்து வாசலில் வந்து நின்ற அந்த ஆளும், கையில் பிள்ளையோடு நின்ற ஒரு சின்னப் பெண்ணைப் பார்த்து, உன் புருஷன் செத்துவிட்டான் என்று சொல்ல நா எழாமல்தான் அந்தச் சயாங்காரியை உண்டாக்கினானோ என்னவோ. நல்லது செய்கிறேன் என்று நினைத்து ஒரு குடும்பத்தையே ஆயுசு முழுக்கக் கோபத்தில் வேகவைத்துவிட்டுப் போயிருக்கலாம். யார் கண்டது?

"பேசாம இருங்க" என்றாள். "வாயத் தொறந்தீங்க, ஒங்களையும் இந்த வளைவுல தள்ளிவிட்டுருவேன்."

அவள் முன்னால் திரும்பி வந்தபோது அம்மாவின் மடியில் பிஸ்கட் பொட்டலம் பிரிந்து கிடந்தது. பையிலிருந்து அவளே எடுத்திருந்தாள்.

"அம்மா, சர்க்கரை ஏறிடும்மா."

"திங்கிறதுக்கு இல்லடி."

அம்மா ஒரு பிஸ்கட்டை இடது கையில் வைத்து, வலது கை நகத்தால் மேலே ஒட்டியிருந்த எள்ளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் ஏற்கெனவே ஒரு சிட்டிகை சேர்ந்திருந்தது.

"கறுப்பு எள்ளுதான் போடணும். இது வெள்ளையா இருக்கு. பரவால்ல, ஆத்துல கெடக்கிறவருக்கு நெறமா தெரியப்போவுது."

"ஆடி அமாவாசைக்கு மோகன் செய்யட்டுமேம்மா. ஐயர வச்சு முறையா செய்வோம். பொம்பளைங்க எள்ளு இறைக்கிற பழக்கம் இல்லையே."

"ஆம்பளப்பிள்ள இல்லாதவருக்கு யாரு இறைப்பா? இம்புட்டு காலம் இந்தத் தண்ணியில காத்துக் கெடந்தது போதாதா? இன்னும் ஆடி வரைக்கும் இருக்கச் சொல்றியா?"

குமுதா பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு பிஸ்கட்டை எடுத்தாள். தாயும் மகளும் எள் கிள்ளினார்கள். வெள்ளைக்காரத் தம்பதி இவர்களை ஆச்சரியமாகப் பார்த்தது. குகன் தயங்கித் தயங்கி வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். அம்மா நிமிர்ந்தாள். அழுத முகம்தான். ஆனால் அதில் குமுதா கண்டிராத ஒரு வெளிச்சம் இருந்தது. அப்பன் வீட்டுக்குச் சீர் வாங்கப் போகிற பெண்ணின் முகம் போல இருந்தது.

"தம்பி, குதிக்கிறப்ப அவரு ஏதாச்சும் சொன்னாராமா?"

குகன் குமுதாவைப் பார்த்தான். வாயைத் திறக்காதே என்று சொன்னவள் அவள்தான்.  அம்மா அவன் முகத்தையே பார்த்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்தால் அந்த முகத்திலிருந்தே எல்லாவற்றையும் படித்துவிடுவாள் என்று குமுதாவுக்குத் தோன்றியது. அவள் முந்திக்கொண்டாள்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டாராம்மா. வடிவு, வடிவுன்னு. போன தடவ வந்தப்பவே இவரு சொன்னாரு. எனக்குத்தான் இப்ப ஞாபகம் வருது."

குகன் தலையை ஆட்டினான்.

அம்மாவின் நகம் பிஸ்கட்டின் மேல் அப்படியே நின்றது.

"வடிவுன்னா?"

"ஆமாம்மா."

 அம்மா பிஸ்கட்டை மடியில் வைத்தாள். பேசியபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"எனக்கு அப்ப பேரே வைக்கலடி, குமுதா."

குமுதா கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

"முப்பது நாள் கழிச்சுத்தானே பிள்ளைக்குப் பேரு வைப்பாங்க. அதுக்குள்ள அவரக் கொண்டு போயிட்டாங்க. அப்புறம் எங்க ஆத்தா தனியா ஒக்காந்து, எதையோ நெனைச்சுக்கிட்டு, வடிவம்மான்னு வச்சுச்சு. அவருக்கு எம்பேரு தெரியாது. வடிவம்மான்னு ஒருத்தி இருக்கான்னே அந்த மனுஷனுக்குத் தெரியாது."

குகன் அப்படியே படகின் தரையில் உட்கார்ந்துவிட்டான். "கதைதாம்மா" என்றான். "எல்லாருக்கும் சொல்ற கதைதான். என்னைய மன்னிச்சிருங்கம்மா."

"தெரியுது தம்பி" என்றாள் அம்மா.

ஒரு பொட்டலம் பிஸ்கட்டில் எள் கிள்ளுகிற நேரம், அவ்வளவுதான் அவளுக்கு அப்பா இருந்தார். அதையும் தானே தட்டிப் பறித்துவிட்டோமே என்று குமுதா நினைத்தாள். ஒரு சொல் சொல்லாமல் இருந்திருந்தால் போதும். அம்மா நிம்மதியாக எள்ளைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருப்பாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அந்த எள்ளாவது கண்ணில் படாமல் போகட்டும் என்று கையை நீட்டினாள்.

"குடும்மா. கொட்டிடறேன்."

அம்மா விரல்களை மூடிக்கொண்டாள்.

"இருடி."

படகு வளைவைத் தாண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா மூடிய கையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். பிறகு யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"சயாங்காரியோடயே இருந்திருக்கட்டும். பிள்ளகுட்டி பெத்திருக்கட்டும். அதுங்களுக்கு எள்ளும் தண்ணியும் இறைக்கத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"காட்டுல செத்துருந்தாலும் யாரு இறைச்சிருப்பா?"

"யாரும் இறைச்சிருக்க மாட்டாங்க."

"அப்ப இந்நேரம் வரைக்கும் அந்த மனுஷனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க ஆளில்ல. மோகன் குடுக்க வந்தான். நாந்தான் குடுக்க விடல. ஐயரு கேக்குறப்பெல்லாம் இருக்காரு, இருக்காருன்னு தடுத்தேன்." அம்மா மூக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "நூறு வயசுக்கு மேல எவன்டி இருக்கான்? எனக்குத் தெரியாதா? செத்துட்டாருன்னு ஒத்துக்கிட்டா, அப்புறம் திட்டுறதுக்குக்கூட எனக்கு ஒரு அப்பா இல்லாமப் போயிருமேன்னு இருந்தேன்."

குமுதா உதட்டைக் கடித்துக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க அம்மாவிடம் கோபம் என்று பார்த்ததெல்லாம் வேறு எதுவோ என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. தகப்பனைப் பற்றிக்கொள்ள அம்மாவுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. ஒரு படம்கூடக் கிடையாது.

"தம்பி, போட்ட நிறுத்தச் சொல்லு."

குகன் எழுந்து ஓடினான். பாக்சிக் என்ன ஏது என்று கேட்கவில்லை. எஞ்சினை அணைத்தார். படகு மெல்ல ஆடியபடி நின்றது. அம்மா பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து, கையைத் தண்ணீருக்கு மேல் நீட்டினாள். குமுதா அவள் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எள்ளின் மேல் தண்ணீர் விட ஒரு ஆள் வேண்டியிருந்தது. குகன் தன் போத்தலைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்து மண்டியிட்டான். 

"ஊத்து தம்பி."

தண்ணீர் உள்ளங்கையில் விழுந்தது. வெள்ளை எள் கட்டைவிரல் இடுக்கு வழியாக வழிந்து ஆற்றில் விழுந்தது. ஐயர் இருந்தால் மந்திரம் சொல்லியிருப்பார், கோத்திரம் கேட்டிருப்பார். அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் யாருக்குக் கொடுக்கிறோம் என்று பெயர் சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரியும். மோகன் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

"பிச்சைமுத்து" என்றாள்.

அந்தப் பெயரை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. சொல்லிவிட்டு, அந்தச் சத்தம் அடங்கட்டும் என்பதுபோல் கொஞ்சம் நிறுத்தினாள். வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். ஈப்போக்காரர்கள் போனைக் கீழே இறக்கினார்கள்.

"இன்னும் ஊத்து தம்பி. கையிலேயே ஒட்டிக்கிட்டு இருக்கு."

குகன் ஊற்றினான். அவன் கண்ணீர் அவன் சட்டையிலேயே சொட்டியது. அம்மா குனிந்தாள். காது மந்தமான ஒருவரிடம் பேசுகிற மாதிரி, நிறுத்தி நிதானமாகத் தண்ணீரிடம் சொன்னாள்.

"அப்பா. நாந்தான் ஒங்க மக. எம்பேரு வடிவம்மா."

எள் எல்லாம் போய்விட்டது. அம்மா வெறும் கையை நீட்டியபடியே இருந்தாள். குகன் போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றினான்.

"வடிவம்மா" என்றாள் இன்னொரு முறை, அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காதோ என்று.